வால்வு ரேடியோவுக்குப் பாகம் வாங்குதல்

மூன்று வகைப் பாகங்கள்

வால்வு ரேடியோவைப் பழுதுபார்க்கத் தேவைப்படும் பாகங்கள் மூன்று வகை. அலமாரியில் சும்மா கிடந்தாலே கெட்டுப்போகிறவை முதல் வகை. அட்டைப்பெட்டிக்குள் அறுபது ஆண்டுகள் கிடந்தாலும் கெடாதவை இரண்டாம் வகை. ஒரு மாடலுக்காக மட்டும் செய்யப்பட்டு, அந்த மாடலோடு உற்பத்தி நின்றுபோனவை மூன்றாம் வகை. முதல் வகையைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். இரண்டாம் வகையைப் பழைய இருப்பிலிருந்து துணிந்து வாங்கலாம். மூன்றாம் வகைக்குக் கடையே கிடையாது. இன்னொரு ரேடியோவிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இந்தப் பாகுபாடு தெரியாமல் கடைக்குப் போனால் இரண்டு விதத்தில் பணம் போகும். பழைய ரேடியோவுக்குப் பழைய பாகம்தான் பொருத்தம் என்று நினைத்து 1960களின் கண்டன்சரைத் தேடி வாங்கி மாட்டுவது ஒன்று. நல்ல நிலையில் இருக்கும் வால்வுகளையெல்லாம் கழற்றிவிட்டுப் புதுசு போடுவது மற்றொன்று. எந்தப் பாகம் எந்த வகை, அது எங்கே கிடைக்கும், கடையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைத் தில்லிச் சந்தைகளை முன்வைத்து இந்தக் கட்டுரை வரிசையாக எடுத்துரைக்கிறது.

ஜங்புராவிலிருந்து செங்கோட்டை வரை

தில்லியில் ஜங்புராவையும் நிஜாமுதீன் ரயில் நிலையத்தையும் ஒட்டி, பாராபுல்லா வடிகாலின் கரையில் இருந்தது மதராசி கேம்ப். தமிழ்க் குடும்பங்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கே வாழ்ந்தன. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று அது இடிக்கப்பட்டது.

அந்தக் குடியிருப்பு வேரூன்றிய 1970கள் டிரான்சிஸ்டரின் காலம். டிரான்சிஸ்டர் செல்லில் ஓடும், கையில் தூக்கிப் போகலாம். வால்வு ரேடியோவுக்கோ சுவரில் பிளக் பாயிண்ட் வேண்டும், 40 முதல் 60 வாட் மின்சாரம் வேண்டும், வைக்க மேசை வேண்டும். ஆகவே வால்வு ரேடியோ பக்கா வீடுகளின் பொருள். ஜங்புரா, நிஜாமுதீன், லோதி காலனி போன்ற பழைய குடியிருப்புகளின் பரண்களிலிருந்துதான் இன்றும் அது வெளியே வருகிறது. வீடு விற்கப்படும்போதோ இடித்துக் கட்டப்படும்போதோ பரணிலிருந்து இறங்கி, கபாடிக்காரரின் தள்ளுவண்டியில் ஏறுகிறது. தமிழ்நாட்டில் அதே பயணம் காயலான் கடைக்குப் போகும். எடைக்குப் போன ரேடியோ நெடுநாள் தங்காது. ட்ரான்ஸ்பார்மரில் உள்ள செம்புக்கு விலை உண்டு. மரப்பெட்டிக்கும் டயல் கண்ணாடிக்கும் இல்லை. முதலில் உடைவது ட்ரான்ஸ்பார்மர்தான். மூன்றாம் வகைப் பாகங்கள் அரிதாவதற்கு இதுவே முதற்காரணம்.

பாகச் சந்தைக்கு வழி எளிது. ஜங்புரா மெட்ரோ நிலையத்தில் வயலெட் பாதை வண்டியில் ஏறினால் மாறாமலே லால் கிலா நிலையத்தில் இறங்கலாம். செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத்ராய் மார்க்கெட். பிரிவினையின்போது வந்த அகதிகள் பிழைக்க அமைந்த இந்தச் சந்தை பிறகு ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், டி.வி. பாகங்களுக்குப் பெயர்பெற்றது. 2022 ஜனவரியில் நேர்ந்த தீவிபத்தில் இங்கே பல கடைகள் எரிந்தன. சந்தை தொடர்ந்து நடக்கிறது. சாந்தினி சௌக்கிலேயே உள்ள பகீரத் பேலஸ் வயர், பிளக், பல்பு முதலிய மின்சாமான்களுக்கான இடம். ஒரு நிலையம் முன்னதாக, ஜாமா மசூதியில் இறங்கினால் பழைய பொருள் வியாபாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அது தெருவுக்கே வந்துவிடும்.

சென்னைக்காரருக்கு இதை இப்படிச் சொல்லலாம்: லஜ்பத்ராய் மார்க்கெட் ரிச்சி தெரு, ஜாமா மசூதிப் பக்கம் 1985இல் எரிந்துபோவதற்கு முந்தைய மூர் மார்க்கெட். மும்பைக்கு லாமிங்டன் ரோடும் சோர் பஜாரும், பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு. பெருநகரம் ஒவ்வொன்றிலும் புதுப் பாகத்துக்கு ஒரு தெரு, பழைய பொருளுக்கு ஒரு தெரு என்ற இந்த அமைப்பு முதல் வகை, மூன்றாம் வகைப் பாகங்களுக்குச் சரியாகப் பொருந்துகிறது. நடுவில் நிற்கும் இரண்டாம் வகை, பழைய ரேடியோ மிஸ்திரிகளின் மேசை இழுப்பறைகளில் இருக்கிறது.

பட்டியல்

கடைக்குப் போகுமுன் ரேடியோவைத் திறந்து பட்டியல் எழுத வேண்டும். எழுதி முடியும்வரை பிளக்கை மாட்டக் கூடாது. பல்லாண்டு கிடந்த ரேடியோவை ‘பாடுகிறதா பார்ப்போம்’ என்று நேராக 230 வோல்ட்டில் போட்டால், சில நூறு ரூபாய்ப் பாகங்களோடு முடிந்திருக்க வேண்டிய வேலை பவர் ட்ரான்ஸ்பார்மரையும் தின்றுவிடும்.

பட்டியலுக்கு அடிப்படை சர்க்யூட் வரைபடம். பல ரேடியோக்களில் அது பின்பக்க அட்டையின் உட்புறத்திலோ பெட்டியின் அடியிலோ ஒட்டியிருக்கும். இல்லையென்றால் பிரிட்டிஷ் செட்டுகளுக்கு ‘டிரேடர்’ சர்வீஸ் தாள்களும், அமெரிக்க செட்டுகளுக்கு 1931 முதல் ஜான் ரைடர் வெளியிட்ட கையேட்டுத் தொகுதிகளும் உதவும். இந்தியாவில் விற்ற மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், ஜி.இ.சி., எச்.எம்.வி., நேஷனல் எக்கோ ஆகியவற்றின் அமைப்பு அந்தந்தக் காலத்து ஐரோப்பிய, பிரிட்டிஷ் மாதிரிகளை ஒட்டியதே. வால்வு வரிசை ஒன்றாக இருந்தால் பெயர் வேறான செட்டின் வரைபடமும் பெருமளவு பொருந்தும்.

வீட்டு ரேடியோவின் இயல்பான அளவு ஐந்து வால்வு. 1941இல் கோவை ஜி.டி. நாயுடு 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்ததும் ஐந்து வால்வு ரேடியோவைத்தான். 1950களின் இறுதியில் வந்த ஏ.சி. செட் ஒன்றில் பெரும்பாலும் இசிஎச்81, இஎஃப்89, இபிசி81, இஎல்84, இஇசட்80 என்ற ஐந்தும் இருக்கும். முதலாவது வரும் அலையை இடைநிலை அலைவரிசைக்கு மாற்றுகிறது, இரண்டாவது அதைப் பெருக்குகிறது, மூன்றாவது அதிலிருந்து ஒலியைப் பிரித்து ஓரளவு பெருக்குகிறது, நான்காவது ஸ்பீக்கரை ஓட்டுகிறது, ஐந்தாவதான ரெக்டிஃபயர் ஏ.சி.யை டி.சி. ஆக்குகிறது. மாயக்கண் எனப்படும் பச்சை ஒளிக்காட்டி இருந்தால் இஎம்80 அல்லது இஎம்84 சேரும்.

புதிதாக வாங்க வேண்டியவை

முதல் வகையின் தலைமைப் பொருள் கண்டன்சர். பழைய பேப்பர் கண்டன்சர் என்பது உலோகத் தகட்டுக்கு நடுவே காகிதம் வைத்துச் சுருட்டி மெழுகில் தோய்த்தது. காகிதம் ஈரத்தை இழுக்கும். இழுத்த ஈரம் மின்சாரத்தைக் கசியவிடும். கரண்டே பாயாமல் அலமாரியில் கிடந்த கண்டன்சருக்கும் இதே கதி. ஆகவே ‘பிரிக்காத பழைய ஸ்டாக்’ என்று கடைக்காரர் பெருமையாக எடுத்து வைக்கும் மெழுகுக் கண்டன்சர் காட்சிக்கு மட்டுமே உதவும்.

எல்லாக் கசிவும் ஒரே அளவு தீங்கு செய்வதில்லை. இஎல்84இன் கிரிட்டுக்கு ஒலியைக் கொண்டுபோகும் 0.01 எம்.எஃப்.டி. (மைக்ரோஃபாரட்) கண்டன்சர்தான் மிகக் கொடியது. அது கசிந்தால் முந்தைய வால்வின் பாசிட்டிவ் வோல்ட்டேஜ் கிரிட்டில் ஏறும். வால்வு அளவுக்கு மீறிய கரண்ட்டை இழுக்கும். அந்தக் கரண்ட் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரின் மெல்லிய கம்பி வழியே போகும். முடிவில் வால்வு, ட்ரான்ஸ்பார்மர், ரெக்டிஃபயர் மூன்றும் பாழாகும். இஎல்84இன் கிரிட்டில் டி.சி. வோல்ட்டேஜ் பூஜ்யமாக இருக்க வேண்டும். மல்டிமீட்டர் பாசிட்டிவாக எதைக் காட்டினாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கண்டன்சரை. வேறு எதை வாங்கத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

மாற்றாகப் பாலியெஸ்டர் கண்டன்சர் 630 வோல்ட் தரத்தில் வாங்க வேண்டும். பழைய மதிப்பும் புதிய மதிப்பும் எழுத்தில் ஒத்துப்போகாது. 0.05 இன்று 0.047 என்றும், 32 என்பது 33 என்றும் கிடைக்கும். ரெசிஸ்டரில் 50 கிலோ ஓம் 47 கிலோ ஓம் ஆகும், 500 என்பது 470 ஆகும். அந்தக் காலத்துப் பாகங்களின் மதிப்பே இருபது சதவீதம்வரை முன்பின்னாக இருந்ததால் இந்த வேறுபாடு கணக்கில் வராது. புதிய கண்டன்சரின்மேல் 104 என்று அச்சிட்டிருந்தால் 10க்குப் பின் நான்கு சைபர்: 1,00,000 பைக்கோஃபாரட், அதாவது 0.1 எம்.எஃப்.டி. அதே கணக்கில் 103 என்பது 0.01, 473 என்பது 0.047. கடையில் ‘பாயிண்ட் ஒன்’ என்று கேட்டு வாங்கியதை இந்த எண்ணைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

மெயின்ஸ் வயருக்குக் குறுக்கே இணைந்திருக்கும் கண்டன்சருக்குச் சாதாரண 630 வோல்ட் வகை போதாது. அதற்கு எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏ.சி. என்று அச்சிட்டது வேண்டும். மெயின்ஸிலிருந்து சேஸிஸ் எனப்படும் உலோக அடித்தட்டுக்கோ ஏரியல் முனைக்கோ போகும் கண்டன்சர் ஒய்2 வகையாக இருக்க வேண்டும். அது ஷார்ட் ஆனால் தொடுபவர்மேல் கரண்ட் பாயும் என்பதால் ஷார்ட் ஆகாத விதமாகச் செய்யப்பட்ட வகை அது.

டி.சி.யைச் சமனாக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சருக்குள் இருக்கும் ரசாயனக் கரைசல் காலப்போக்கில் காய்ந்துபோகும். காய்ந்தால் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற ஹம் ஓசை. புதிதாக வாங்குவதிலும் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். வோல்ட்டேஜ் 450 இருக்க வேண்டும். வால்வுகள் சூடாகிக் கரண்ட் இழுக்கத் தொடங்கும்வரை வோல்ட்டேஜ் இயல்பைவிட உயர்ந்து நிற்கும். வெப்பத் தரம் 105 டிகிரி இருப்பது நல்லது. தில்லியின் மே மாதத்தில் அறையே 40 டிகிரியைத் தாண்டும்போது பெட்டிக்குள் நிலைமை இன்னும் கடுமை. மூன்றாவது, பெரியது நல்லது என்று எம்.எஃப்.டி.யைக் கூட்டக் கூடாது. இஇசட்80க்கு அடுத்து வரும் முதல் கண்டன்சர் 50 எம்.எஃப்.டி.க்கு மேல் போகக் கூடாது என்பது வால்வு தயாரித்தவர்கள் விதித்த வரம்பு. நூறு எம்.எஃப்.டி. போட்டால் ஒவ்வொரு முறை நிரம்பும்போதும் ரெக்டிஃபயர் அடிவாங்கும். பழைய அலுமினியக் குழாயைச் சேஸிஸின்மேல் அப்படியே நிற்கவிட்டு, அதன் இணைப்புகளைத் துண்டித்து, புதியதை அடியில் மாட்டுவது வழக்கம்.

கார்பன் ரெசிஸ்டர்கள் காலப்போக்கில் மதிப்பு ஏறுபவை. ஒரு முனையைக் கழற்றி அளந்து, இருபது சதவீதத்துக்கு மேல் ஏறியதை மட்டும் மாற்றலாம். சிறிய கால்வாட் ரெசிஸ்டர் பொதுவாக 250 வோல்ட்வரைதான் தாங்கும். வாட் கணக்கில் போதுமென்று தோன்றினாலும் உயர் வோல்ட்டேஜ் வரும் இடத்தில் ஒரு வாட் வகையே வாங்க வேண்டும்.

ரப்பர் உறை போட்ட வயரும் மெயின்ஸ் கார்டும் இதே வகையில் சேரும். ரப்பர் பொடிந்து உதிர்ந்திருக்கும். சால்டரிங்குக்கு நடுவில் ரெசின் உள்ள ஈயம் வேண்டும். தகர வேலைக்கான அமிலப் பேஸ்ட் மலிவு. ஆனால் இணைப்பை மெல்ல அரித்துவிடும். மேற்சொன்ன எல்லாம் லஜ்பத்ராய் மார்க்கெட்டிலும் பகீரத் பேலஸிலும் ஒரே காலைப்பொழுதில் வாங்கிவிடக் கூடியவை.

பழையதாகவே வாங்கக் கூடியவை

இரண்டாம் வகையின் தலைமைப் பொருள் வால்வு. காற்று நீக்கி உருக்கி மூடிய கண்ணாடிக்குள் ஈரம் புகாது. பயன்படாமல் கிடந்த காலம் வால்வின் ஆயுளில் சேர்வதில்லை. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1960களில் செய்த வால்வும், இங்கிலாந்தின் முல்லார்டு, ஹங்கேரியின் டங்ஸ்ராம், செக்கோஸ்லோவாகியாவின் டெஸ்லா ஆகியவற்றின் வால்வும் பெட்டி பிரியாமல் கிடைத்தால் புதுசுக்குச் சமம். உண்மையில் வால்வுதான் ரேடியோவில் கடைசியாகச் சாகும் பாகங்களில் ஒன்று. செட் பாடவில்லை என்றதும் வால்வைக் குறைசொல்லும் பழக்கம், அது எளிதாகக் கழன்று வருவதால் உண்டானது.

ஐரோப்பிய வால்வின் பெயரே அதன் குறிப்புத்தாள். முதல் எழுத்து ஹீட்டரைச் சொல்லும்: இ என்றால் 6.3 வோல்ட், யு என்றால் 0.1 ஆம்பியர், டி என்றால் 1.4 வோல்ட் பேட்டரி வகை. அடுத்த எழுத்துகள் வேலையைச் சொல்லும்: பி இரட்டை டயோடு, சி ட்ரையோடு, எஃப் பென்டோடு, எல் அவுட்புட், எம் மாயக்கண், ஒய் ஒற்றை ரெக்டிஃபயர், இசட் இரட்டை ரெக்டிஃபயர். எண்ணின் முதல் இலக்கம் கால்களின் அமைப்பு: 3 ஆக்டல், 4 ரிம்லாக், 8 ஒன்பது கால், 9 ஏழு கால். இது தெரிந்தால் கடைக்காரர் ‘இதுவும் அதுவும் ஒன்றுதான்’ என்று நீட்டுவதைச் சோதித்துப் பார்க்கலாம். அமெரிக்கப் பெயர் வேறாகவும் பொருள் ஒன்றாகவும் இருப்பது உண்டு: இஎல்84 என்பது 6பிக்யூ5, இசிஎச்81 என்பது 6ஏஜே8, இசிஎல்82 என்பது 6பிஎம்8.

ஒன்றுபோலத் தோன்றி வேறாக இருப்பதும் உண்டு. இசிஎச்81உம் யுசிஎச்81உம் உள்ளே ஒரே வால்வு, கால்களும் ஒன்றே. ஆனால் முன்னதன் ஹீட்டர் 6.3 வோல்ட், 0.3 ஆம்பியர், பின்னதன் ஹீட்டர் 19 வோல்ட், 0.1 ஆம்பியர். ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருகினால் ஓடாது. சில சமயம் எரிந்தும் போகும். இஇசட்80 கிடைக்காவிட்டால் இஇசட்81 போடலாம் என்பார்கள். கால்கள் ஒத்துப்போகும்; ஆனால் அது 0.6க்குப் பதில் ஒரு ஆம்பியர் ஹீட்டர் கரண்ட் கேட்கும். பவர் ட்ரான்ஸ்பார்மர் தாங்குமா என்று பார்த்த பிறகே செய்யலாம்.

விலையில் ஒரு வேடிக்கை உண்டு. இஎல்84 இன்றும் ஸ்லோவாகியா, ரஷ்யா போன்ற நாடுகளில் புதிதாகச் செய்யப்படுகிறது. கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களுக்கு அது வேண்டியிருப்பதே காரணம். அதே கிட்டார்க்காரர்களின் தேவை பழைய முல்லார்டு இஎல்84இன் விலையையும் ஏற்றிவிட்டது. இசிஎச்81, இஎஃப்89 இரண்டையும் இன்று யாரும் செய்வதில்லை. ஆனால் ரேடியோவைத் தவிர வேறெதற்கும் அவற்றுக்குப் பெரிய தேவை இல்லாததால் விலை குறைவு. ஆகவே அவுட்புட் வால்வைப் புதிதாக வாங்கலாம். மற்றவற்றைப் பழைய இருப்பிலிருந்து வாங்கலாம். மாயக்கண் மட்டும் விலக்கு. எரிந்த நேரத்துக்கேற்ப அதன் பச்சைப் பூச்சு மங்கும். பயன்படுத்திய இஎம்80 வாங்குவது வீண். அதற்கு ஈடான ரஷ்ய 6இ1பி பிரிக்காத இருப்பாகக் கிடைத்தால் நேராகப் பொருந்தும்.

பழைய வால்வைக் கடையில் சோதிக்க நான்கு வழிகள். முதலில் கண்ணாடியின் உட்புறம் கண்ணாடிபோல் மின்னும் வெள்ளிப் பூச்சைப் பார்க்க வேண்டும். அது பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வு செத்தது. இரண்டாவது, மல்டிமீட்டரில் ஹீட்டர் கால்களுக்கிடையே தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, கால்கள். பளபளப்பாகவும் கீறலின்றியும் இருந்தால் சாக்கெட் பார்க்காத வால்வு. பெட்டி புதிதாகவும் கால்கள் தேய்ந்தும் இருந்தால் பெட்டியை நம்பக் கூடாது. நான்காவது, மேலே அச்சிட்ட பெயர். பெயரை அழித்து வேறு பெயர் அச்சிடுவது பழைய தந்திரம். உள்ளே தெரியும் தகடுகளின் அமைப்பைத் தெரிந்த வால்வோடு ஒப்பிடுவதே நம்பகமான வழி. பழைய அச்சு விரல் பட்டாலே அழியும் என்பதால் வால்வைத் துடைத்துப் பார்க்கக் கூடாது.

வாங்கவே வேண்டுமா என்பதை வீட்டிலேயே அளந்து முடிவுசெய்யலாம். 250 வோல்ட்டில், 135 ஓம் கேத்தோடு ரெசிஸ்டரோடு ஓடும் நல்ல இஎல்84இன் கேத்தோடில் ஏறத்தாழ 7 வோல்ட் இருக்கும். மற்ற வோல்ட்டேஜ்கள் சரியாக இருந்தும் இது பாதியாகக் குறைந்திருந்தால் வால்வு களைத்துவிட்டது.

ஏ.சி./டி.சி. செட்டும் பேட்டரி செட்டும்

கல்கத்தா போன்ற நகரங்களின் சில பகுதிகளில் டி.சி. மின்சாரம் நெடுங்காலம் ஓடியதால் இரண்டிலும் இயங்கும் ஏ.சி./டி.சி. செட்டுகள் இந்தியாவில் நிறைய விற்றன. இவற்றில் பவர் ட்ரான்ஸ்பார்மர் கிடையாது. யு வரிசை வால்வுகளின் ஹீட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மெயின்ஸில் நிற்கும். யுசிஎச்81க்கு 19, யுஎஃப்89க்கு 12.6, யுபிசி81க்கு 14, யுஎல்84க்கு 45, யுஒய்85க்கு 38 என்று கூட்டினால் 128.6 வோல்ட். 230இல் மீதியான சுமார் 101 வோல்ட்டை டிராப்பர் ரெசிஸ்டர் விழுங்க வேண்டும், 0.1 ஆம்பியருக்கு அது 1,000 ஓம், வெளிவிடும் வெப்பம் 10 வாட். டிராப்பருக்குப் பதில் வாங்கும்போது 20 வாட் வயர்வவுண்டு வகையே பாதுகாப்பு.

இந்தச் செட்டுகளில் சேஸிஸ் நேராக மெயின்ஸின் ஒரு முனையோடு இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸிஸ் முழுக்க 230 வோல்ட். பாகப் பட்டியலில் முதல் இடம் செட்டை மெயின்ஸிலிருந்து பிரிக்கும் 1:1 ஐசொலேஷன் ட்ரான்ஸ்பார்மருக்குத் தர வேண்டும். குமிழின் பக்கத் திருகு தெரியாமல் மூட வேண்டிய மெழுகும், உடையாத பின்பக்க அட்டையும் இங்கே அழகுக்கானவை மட்டுமல்ல. கை படாமல் காப்பவையும் அவையே.

மின்சாரம் எட்டாத ஊர்களுக்கென வந்த பேட்டரி வால்வு செட்டுகளில் டிகே96, டிஎஃப்96, டிஏஎஃப்96, டிஎல்96 என்ற வரிசை காணப்படும். அவை கேட்கும் 90 வோல்ட் பேட்டரி இன்று கடையில் இல்லை. 9 வோல்ட் பேட்டரி பத்தைத் தொடராக இணைத்தால் அதே 90. ஹீட்டருக்குத் தனியாக ஒரு செல். இணைப்பு மாறி 90 வோல்ட் ஹீட்டரில் பட்டால் நான்கு வால்வும் ஒரு கணத்தில் போய்விடும். ஒன்றுக்கொன்று மாட்டவே முடியாத இருவேறு சாக்கெட் வாங்கிப் போடுவது அதற்கான மலிவான காப்பீடு.

இன்னொரு ரேடியோவிலிருந்து எடுக்க வேண்டியவை

மூன்றாம் வகையில் டயல் கண்ணாடி, குமிழ், பேண்ட் ஸ்விட்ச், ஸ்டேஷன் பிடிக்கும் கேங் கண்டன்சர், ஐ.எஃப்.டி. எனப்படும் இடைநிலை அலைவரிசை ட்ரான்ஸ்பார்மர், மற்ற ட்ரான்ஸ்பார்மர்கள், ஸ்பீக்கர் ஆகியவை சேரும். இவற்றில் சிலவற்றுக்கு மாற்று வழி உண்டு.

அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரின் பிரைமரியில் தலைமுடிபோன்ற கம்பி இருக்கும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் அது பச்சை பூத்து அறுந்துபோவது சாதாரணம். காயில் சுற்றுபவரிடம் கொடுத்துத் திரும்பச் சுற்றலாம். இஎல்84க்கு 5,200 ஓம் அளவில் பிரைமரி, ஸ்பீக்கருக்கேற்ற செகண்டரி என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு விஷயத்தை வற்புறுத்த வேண்டும். பவர் ட்ரான்ஸ்பார்மரில் தகடுகளை மாற்றி மாற்றிக் கோப்பார்கள். அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரில் இ தகடுகள் எல்லாம் ஒரு பக்கம், ஐ தகடுகள் எல்லாம் மறுபக்கம், நடுவில் ஒரு மெல்லிய காகிதம். டி.சி. பாயும்போது இரும்பு திணறாமல் இருக்கவே அந்த இடைவெளி. பழக்கத்தில் மாற்றிக் கோத்துவிட்டால் ரேடியோ பாடும், ஆனால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கேட்காது.

ஸ்பீக்கர் கிழிந்திருந்தால் காகிதக் கூம்பை மாற்றித் தருவோர் லஜ்பத்ராய் மார்க்கெட் போன்ற இடங்களில் உண்டு. புதிய ஸ்பீக்கர் வாங்கினால் விட்டம் மட்டுமல்ல, ஓம் மதிப்பும் பொருந்த வேண்டும். பழையவை பெரும்பாலும் 3 முதல் 5 ஓம்; 8 ஓம் வகையைவிட 4 ஓம் கார் ஸ்பீக்கர் அருகில் வரும்.

வால்யூம் கண்ட்ரோல் புதிதாகக் கிடைக்கும். ஆனால் லாக் வகையா லீனியரா என்று கேட்டு வாங்க வேண்டும். ஒலிக்கு வேண்டியது லாக்; இன்று அதன்மேல் பெரும்பாலும் ஏ என்று போட்டிருக்கும். பி என்றிருப்பதைப் போட்டால் தொடக்கத்திலேயே சத்தம் முழுக்க ஏறிவிடும். தண்டின் விட்டமும் முக்கியம். பழைய குமிழ்கள் பல கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர் தண்டுக்கானவை. இன்றைய தண்டு 6 மில்லிமீட்டர்.

குமிழ் ஒன்று மட்டும் காணாமல் போயிருந்தால், இருப்பதை வைத்துச் சிலிக்கோன் அச்செடுத்து ரெசினில் வார்க்கலாம். டயல் கயிறுக்கு நீளாத நைலான் பின்னல் நூல் போதும். டயல் கண்ணாடிக்குத்தான் எளிய மாற்று இல்லை. எழுத்து அச்சிட்ட பின்புறத்தைத் தண்ணீர் தொட்டால் ஸ்டேஷன் பெயர்கள் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். முன்புறத்தை மட்டும் துடைக்க வேண்டும்.

டயல் கண்ணாடிக்கும் மற்றவற்றுக்கும் வழி, அதே மாடலின் செத்த செட் ஒன்றை முழுதாக வாங்குவது. ஜாமா மசூதிப் பக்கமோ கபாடிக் கிடங்கிலோ அதைப் பார்க்கும்போது மதிப்பிட வேண்டியவை மூன்று: டயல் கண்ணாடி உடையாமல் இருக்கிறதா, குமிழ்கள் எல்லாம் இருக்கின்றனவா, ட்ரான்ஸ்பார்மர்களின் காயில்கள் மல்டிமீட்டரில் தொடர்பு காட்டுகின்றனவா. வால்வு இல்லாதது ஒரு குறையே அல்ல. பெட்டி கறையான் தின்றிருந்தாலும் கவலை இல்லை. விலையைக் கிடங்குக்காரர் செம்பின் எடையில் கணக்கிடுவார். வாங்குபவர் டயல் கண்ணாடியில் கணக்கிட வேண்டும்.

வாங்கும் வரிசை

மூன்று வகையையும் ஒரே நாளில் வாங்கக் கூடாது. முதல் நாள் கண்டன்சர், ரெசிஸ்டர், வயர், ஃப்யூஸ் மட்டும். அவற்றை மாற்றிய பின் சீரீஸ் போர்டு வழியாக மின்சாரம் தர வேண்டும். ரேடியோவோடு தொடராக ஒரு 60 வாட் குண்டு பல்பு. பல்பு முதலில் எரிந்து பிறகு மங்கினால் நலம், முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கோ ஷார்ட். இந்தக் கட்டத்திலேயே பல செட்டுகள் பாடத் தொடங்கிவிடும். பாடினால் மீடியம் வேவில் தில்லி 819 கிலோஹெர்ட்ஸையோ சென்னை 720 கிலோஹெர்ட்ஸையோ வைத்து முள் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கலாம்.

அதன் பின்னரே வோல்ட்டேஜ்களை அளந்து, குறை கண்ட வால்வை மட்டும் வாங்க வேண்டும். கசியும் கண்டன்சர் இருந்தபடி புது வால்வு வாங்கிப் போட்டால் அதுவும் பழைய வால்வின் வழியே போகும். செத்த செட்டைத் தேடுவது கடைசி வேலை. அதற்குள் எது தேவை என்பது ஒன்றிரண்டு பாகமாகச் சுருங்கியிருக்கும்.

கழற்றிய பழைய பாகங்களை எறியாமல் ஒரு உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைப்பதும், மாற்றிய ஒவ்வொன்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிப் பின்பக்க அட்டையின் உட்புறம் ஒட்டுவதும் நல்ல வழக்கம். எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் புதிதாக இருந்தாலும் சில பத்தாண்டுகளில் மீண்டும் காயும். அப்போது திறப்பவருக்கு எதை வாங்க வேண்டும், எதைத் தொடவே வேண்டாம் என்பதை அந்தத் தாள் சொல்லிவிடும்.